விம்முக்கு வைத்த சந்தனப் பொட்டு

முட்டாள்தனம் செய்வதில் எனக்கென்று ஒரு தனிப் பாணி உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்றுக் காலை லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மகளின் வகுப்பு ஆசிரியைக்கு, "வணக்கம் டீச்சர், பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்று வர இயலாது :wq" என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காப்பி வேறு குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க சார். wq என்பது புதுக் காய்ச்சலா? மற்ற பிள்ளைகளுக்கும் பரவுமா?" என்று கேட்டிருந்தார்.

பரவாது டீச்சர். எனக்கு மட்டும்தான். அதுவும் தீராது.

உங்களுக்கும் விளக்கம் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்களும் இணையதளம் கட்டுகிறவர்களும் எழுத்தடிக்க ஒரு எடிட்டர் வைத்திருப்பார்கள். கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி. விம் என்பது அதில் ஒரு வகை. அதில் மவுஸைத் தொட வேண்டாம், எல்லாமே விசைகள்தான். எழுதியதைச் சேமித்துவிட்டு வெளியே வர வேண்டுமென்றால் ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் டபிள்யூ, கியூ. பல வருஷம் அடித்துப் பழகிய விரல், எதை எழுதி முடித்தாலும் கடைசியில் அதையும் அடித்துவிடுகிறது. கையெழுத்துக்குக் கீழே கோடு போடுகிறவர்கள் இல்லையா, அப்படி.

டீச்சரின் கேள்வியைப் படித்ததும் என் மூக்கில் அச்சு மை வாசம் ஏறிவிட்டது. மை, மண்ணெண்ணெய், ஈரக் காகிதம், எல்லாவற்றுக்கும் மேலே காற்றில் எங்கிருந்தோ வரும் கந்தக வாடை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தின் மாடியில் வேலை பார்த்தேன். கீழே பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் அடிப்பார்கள். மாடியில் அதே பட்டாசுக் கடைகளுக்கு நாங்கள் இணையதளம் செய்வோம். கீழே மெஷின் ஓடினால் மேலே என் கீபோர்டு தானாக மேஜையில் நகர்ந்து போகும். அதை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு அடிப்பேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன வேல தம்பி?" என்றால் நெஞ்சை நிமிர்த்தி, "வெப் டெவலப்பர்" என்பேன். "அப்ப கலர் ஜெராக்ஸ் எடுப்பீகளா?" என்பார். எடுப்போம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன்.

அச்சகமும் மாடியும் தங்கமாரி அண்ணாச்சிக்குச் சொந்தம். மாடியில் நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு எடிட்டர். அந்த நாட்களில் எடிட்டர் என்பது கட்சி மாதிரி. கரை வேட்டி கட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனைக்குட்டத்திலிருந்து வரும் முத்துச்செல்வி வைத்திருந்தது சப்லைம். தொட்டால் திறந்துவிடும். ஒரே நேரத்தில் பத்து வரியில் பத்துக் கர்சரை நிறுத்தி ஒரு எழுத்தை அடித்தால் பத்து இடத்திலும் விழும். அடடா, என்ன வேகம்! நடுநடுவே "என்னை விலை கொடுத்து வாங்குங்களேன்" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கெஞ்சும். "பாவம், கேட்டுட்டுப் போகட்டும்" என்று அதைத் தட்டி மூடுவாள்.

வெம்பக்கோட்டைக் காளிராஜ் வைத்திருந்தது ஆட்டம். விளையாட்டு இல்லை, இங்கிலீஷில் அணு. பார்க்க அவ்வளவு அழகு. விதவிதமான நிறம், குட்டிக் குட்டிப் படங்கள், வேண்டியதை எல்லாம் இழுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நமுத்த திரி. பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்று, வெடிக்குமா வெடிக்காதா என்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அவன் அதைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவான். பெரிய ஃபைலாகக் கொடுத்தால் அப்படியே படுத்துக்கொள்ளும். "அது யோசிக்குது மாப்ள" என்பான்.

நான் விம். ஏன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். கறுப்புத் திரைக்கு முன்னால் மவுஸைத் தொடாமல் படபடவென்று அடிக்கிறவனைப் பார்த்தால் நாலு பேர் மிரளுவார்கள் அல்லவா, அதற்காகத்தான். அதற்கு முன் விருதுநகர் கம்ப்யூட்டர் சென்டரில் நான் படித்தது டிரீம்வீவர். படத்தை மவுஸால் இழுத்துப் போட்டால் பக்கம் தயார். பின்பக்கம் திறந்து பார்த்தால் தீபாவளி மறுநாள் தெரு மாதிரி ஒரே காகிதக் குப்பை. அதிலிருந்து விம்முக்குத் தாவியவன் நான். உள்ளே போன முதல் நாள் வெளியே வரத் தெரியாமல், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிறகு மாதக்கணக்கில் விரல் தேயப் பழகினேன். இதில் ஒரு குறை உண்டு. தமிழை அந்தக் கறுப்புத் திரை காட்டுகிற அழகே தனி. கொம்பு ஒரு பக்கம் நிற்கும், கால் ஒரு பக்கம் நிற்கும், நடுவில் எழுத்து அநாதையாக இருக்கும். குத்துமதிப்பாகத்தான் படிக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரோடு இனாமாக வரும் நோட்பேடை நாங்கள் எடிட்டர் என்றே சேர்க்கவில்லை.

நான் ஒரு நாள் லீவு போட்டேன். அவசரம் என்று காளிராஜ் என் இடத்தில் உட்கார்ந்து விம்மைத் திறந்திருக்கிறான். பிறகு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான். அதிலேதான் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கீழ பாருங்கலே. நாலு மெஷினும் ஒரே மேக்கு. ஒருத்தன் வரலேன்னா அடுத்தவன் போய் நிப்பான். இங்கன ஆளுக்கொரு மெஷினு. ஒருத்தன் லீவு போட்டா பிளக்கப் புடுங்க வேண்டியிருக்கு. ஆயுத பூசைக்கு மறுநா காலையில இருந்து ஒத்த எடிட்டர்தான். எதுன்னு நான் சொல்லுவேன். அதுக்குள்ள ஒங்க வித்தையக் காட்டிக்கோங்க."

விம் போய்விட்டால் என்னிடம் என்ன மிச்சம்? மாடியில் என்னைப் பார்த்து மிரளுவதற்கு இருந்த ஒரே காரணம் அதுதான்.

வித்தை காட்ட வாய்ப்பும் வந்தது. ஒரு கடைக்காரர் தன் பட்டியலில் ஒவ்வொரு வெடிப் பேருக்குப் பின்னாலும் 'பாக்ஸ்' என்று சேர்க்கச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அண்ணாச்சி நடுவர், மூன்று பேரும் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முத்துச்செல்வி கர்சர்களை வரிசையாக நிறுத்தி, 'பாக்ஸ்' என்று ஒரே தடவை அடித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டாள். காளிராஜின் ஆட்டம் யோசித்துக்கொண்டிருந்தது. நான் மேக்ரோ போட்டேன். செய்வதை ஒரு தடவை செய்து காட்டினால் விம் அதைப் பார்த்து மிச்ச வரிகளில் தானாகச் செய்யும். என்னமாய் ஓடியது தெரியுமா! திரை பறந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தேன். அது பட்டியலைத் தாண்டி, கடை முகவரிக்கும் போன் நம்பருக்கும் பின்னால் பாக்ஸ் போட்டு, 'நன்றி, மீண்டும் வருக'வுக்குப் பின்னாலும் பாக்ஸ் போட்டுவிட்டு நின்றது.

"வேகமாத்தான் போகுது" என்றார் அண்ணாச்சி. "நிப்பாட்டத்தான் ஆளில்ல."

ஆயுத பூஜை வந்தது. கீழே மெஷின்களுக்கு நடுவே வாழையிலை விரித்து, ஸ்பானர், காகிதம் வெட்டும் கத்தி, மை எடுக்கும் கரண்டி எல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வரப் போனோம். அண்ணாச்சி தடுத்தார்.

"ஒயரு பிச்சுக்கிரும்லே. அது அங்கனயே கெடக்கட்டும். ஒங்க ஆயுதம் எதுவோ, அது பேர ஸ்டிக்கர் அடிச்சுக் கொண்டாங்க."

லேபிள் அச்சகத்தில் ஸ்டிக்கருக்கா பஞ்சம்? மற்ற இருவரும் தீப்பெட்டி அளவில் அடித்தார்கள். நான் மட்டும் விம் என்று அட்டைப்பெட்டி அளவில், தங்க நிற பார்டர் கட்டி அடித்தேன். "நோட்பேடுக்கும் ஒண்ணு அடிக்கவா?" என்று காளிராஜ் கேட்டான்.

"அதுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாகளா மாப்ள?" என்று சிரித்தவன் நானேதான்.

சந்தனம், குங்குமம், சூடம், பொரிகடலை. மூன்று ஸ்டிக்கருக்கும் அண்ணாச்சி தன் கையால் பொட்டு வைத்தார். என்னுடையது பெரிசு என்பதால் மூன்று பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைந்தது. இனி பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை வரை தொடக்கூடாது. அதில் அண்ணாச்சி கறார். போன வருஷம் ஒருவன் தெரியாமல் ஸ்பானரை எடுத்ததற்கு, அவனை மறுபடி சூடம் காட்டிக் கும்பிட வைத்தவர்.

அப்போது போன் அடித்தது. பாக்ஸ் கேட்ட அதே கடைக்காரர். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, பூச்சட்டி படத்துக்குக் கீழ தரச்சக்கரம்னு கெடக்கு. தரச்சக்கரத்துக்குக் கீழ பூச்சட்டின்னு கெடக்கு. ஆர்டரு பூராம் மாறி மாறி வருது. சீசன் நேரம். இப்பமே மாத்திக் குடுக்கீகளா, இல்ல நான் மதுரக்காரங்ககிட்டப் போகவா?"

கொம்பையும் காலையும் குத்துமதிப்பாகப் படித்த பயல் யார் என்று நான் சொல்லவில்லை. அண்ணாச்சி போனைப் பார்த்தார், வாழையிலையைப் பார்த்தார். மூன்று எடிட்டரும் பொட்டோடு படுத்திருந்தன. ஒரு பக்கம் வாடிக்கையாளர், ஒரு பக்கம் சரஸ்வதி.

"அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி, "நோட்பேடுக்கு நாம பொட்டே வைக்கலயே."

அண்ணாச்சி முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும்! "நான் மாத்துறேன்" என்று படிக்கட்டில் முதலில் ஓடியவன் நான். இந்த நெருக்கடியில் காப்பாற்றினால் நாளைக்கு விம்தான், வேறென்ன. எல்லோரும் பின்னாலேயே ஏறி வந்து என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

நோட்பேடில் ஃபைலைத் திறந்தேன். விம்மில் நான் சேமித்த ஃபைலில் வரி எங்கே முடிகிறது என்பது அந்தக் காலத்து நோட்பேடுக்குத் தெரியாது. மொத்தப் பக்கமும் ஒரே வரியாக, பத்தாயிரம் வாலா மாதிரி, வலது பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே இறங்க விம்மில் j அடிப்போம். பழக்கத்தில் அடித்தேன், jjjj என்று எழுத்தாகவே விழுந்தது. அழித்தேன். மேலே போக k. அதுவும் விழுந்தது. "என்னண்ணே, யாரையோ கூப்பிடுதீக?" என்றாள் முத்துச்செல்வி. வியர்த்துக்கொட்ட, பூச்சட்டியைக் கண்டுபிடித்தேன், தரைச்சக்கரத்தைக் கண்டுபிடித்தேன், பேரை மாற்றினேன், சேமித்தேன், ஏற்றினேன். "முடிஞ்சுது அண்ணாச்சி!"

அண்ணாச்சி என் தோளில் தட்டினார். கீழே போய்ப் பொரி தின்றோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தின்றேன். மறுபடி போன்.

"பேரு சரியா வந்துட்டு அண்ணாச்சி. ஆனா பூச்சட்டிக்குப் பக்கத்துல புதுசா ஒண்ணு போட்டிருக்கீக பாருங்க, ரெண்டு புள்ளி வச்சு, டபிள்யூ கியூன்னு. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் கேக்காரு. ரெண்டு பாக்ஸ் வேணுமாம். அது ஒத்த வெடியா, சரமா? எங்க குடோன்ல இல்லியே?"

நான் பொரித் தட்டைக் கீழே வைத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். காளிராஜ் கூரையைப் பார்த்தான்.

"அது சத்தம் வராத ஐட்டம் அண்ணாச்சி" என்றாள் முத்துச்செல்வி. "உள்ள போனவுக வெளிய வர்றதுக்குக் கொளுத்துறது."

மறுநாள் காலை அண்ணாச்சி இலையிலிருந்து சப்லைம் ஸ்டிக்கரை எடுத்தார். அதே மாதிரி இன்னும் இரண்டு அடிக்கச் சொல்லி, மூன்று மானிட்டரிலும் ஒட்டினார். என்னுடையதையும் அவர் வீணாக்கவில்லை. விரிசல் விட்டிருந்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். "பெருசா இருக்கறது எதுக்காச்சும் ஆகும்லே." அந்தச் சீசன் முழுக்க, முத்துச்செல்வி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கர்சர் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தாள். மவுஸைப் பிடிக்கும்போதெல்லாம், "கடிக்காதுண்ணே" என்பாள். அவ்வளவு நன்றாக இருந்தது சப்லைம், அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது? ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று ஆனபின் அந்தக் கடைக்காரரின் இணையப் பக்கத்தில் ஆர்டர் பட்டனே இல்லை, போன் நம்பர் மட்டும் இருக்கிறது, பின்னால் பாக்ஸ் இல்லாமல். மாடி அட்டைப்பெட்டி குடோன் ஆகிவிட்டது. ஜன்னலையும் மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தை அதைச் செய்தவர்களே மூடிவிட்டார்கள். அன்று காளிராஜ் துபாயிலிருந்து ஸ்டேட்டஸில் மெழுகுவர்த்திப் படம் போட்டிருந்தான். நோட்பேடுக்குக்கூட இன்று வரி முடிவது தெரிகிறது. நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரிடமும் ஒரே எடிட்டர், விஎஸ் கோட். அண்ணாச்சி ஆசைப்பட்ட மாதிரியே ஒத்த மெஷின், ஒரே மேக்கு, யார் வேண்டுமானாலும் யார் இடத்திலும் உட்காரலாம். நான் பாதி வரி அடிப்பதற்குள் மீதியை அதுவே எழுதிவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் பந்தயத்துக்குக் கூப்பிடுவதில்லை. உன் எடிட்டர் நமுத்த திரி என்று சொன்னால் கோபப்பட ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் இல்லை.

டீச்சருக்கு மன்னிப்புச் சொல்லிவிட்டு, இந்தக் கதை முழுவதையும் முத்துச்செல்விக்கு எழுதி அனுப்பினேன். சாத்தூரில் இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறாள். சந்தனப் பொட்டு, பூசணிக்காய், மெழுகுவர்த்தி, ஒன்று விடவில்லை. அந்த மாதிரி சண்டை போட இனிமேல் யார் இருக்கா செல்வி, நினைச்சா தொண்டை அடைக்குது என்று உருக்கமாக முடித்தேன். முடித்ததாகத்தான் நினைத்தேன். விரல் அதன் வேலையைச் செய்திருக்கிறது.

உடனே பதில் வந்தது.

"எத்தன பாக்ஸ்ண்ணே?"