செல்லக்கனி இழுத்த லைன்

செல்லக்கனிக்குப் பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது போய்விட்டது. சுந்தரபாண்டியத்தில் அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் காதோரம் வந்து கத்திப் பார்த்தார்கள். பிறகு கையைக் காட்டிப் பேசினார்கள். அதற்கும் பிறகு தேவைக்கு மட்டும் பேசினார்கள். அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் பேசினால் சற்று உரக்கத்தான் வரும். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இராஜபாளையத்தில் டைப்ரைட்டிங் படிக்கச் சேர்ந்தபோது, வரி முடிகிற இடத்தில் அடிக்கும் மணி இவளுக்கு எப்படிக் கேட்கும் என்று மாஸ்டர் தயங்கினார். மணி அடிக்கையில் மெஷினில் ஓடும் சின்ன அதிர்வை அவள் விரல் நுனியிலேயே கண்டுபிடித்தாள். ஹையர் பாஸ் செய்தாள். அச்சகத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, தென்காசி ரோட்டில் சொந்தமாக ஒரு டி.டி.பி. கடை போட்டாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பேண்டேஜ் கம்பெனிகளின் லேபிள் என்று கம்ப்யூட்டர் ஓய்வில்லாமல் ஓடியது.

அடுத்த கடை அவள் தம்பி கண்ணுச்சாமியுடையது. பட்டாளத்தில் இருந்து வந்தவன், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். கடைக்குட்டி பாலம்மாளைக் கட்டியவரும் பட்டாளத்துக்காரர்தான். அவர்கள் செகந்திராபாத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலம்மாள் பூத்துக்குப் போன் போடுவாள். கண்ணுச்சாமி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்பான், சிரிப்பான், தலையாட்டுவான். வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "நல்லா இருக்காளாம்" என்பான்.

"எம்புட்டு நேரமாப் பேசுனா! சொன்னது அம்புட்டுத்தானா?"

"வேற என்ன... ஒன்னையக் கேட்டா."

இப்படியே வருஷங்கள் போயின. தங்கை சொன்னதெல்லாம் தம்பியின் வாய்க்குள் போய், சுருங்கி, இரண்டு சொல்லாக வெளியே வரும்.

தொண்ணூற்றொன்பதில் கண்ணுச்சாமி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் கனெக்ஷனும் எடுத்தான். டயல் செய்தால் மோடம் கீச்சுக்குரலில் கத்துமாம்; சத்தத்தை வைத்தே கனெக்ட் ஆகுமா ஆகாதா என்று வாடிக்கையாளர்கள் சொல்லிவிடுவார்கள். செல்லக்கனி மோடத்தின் முகப்பில் இருந்த சிவப்பு விளக்குகளைப் பார்த்தாள். எந்த விளக்கு மினுங்கினால் என்ன அர்த்தம் என்பது இரண்டே நாளில் அவளுக்குப் பாடம்.

பாலம்மாளும் செகந்திராபாத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைக் கண்டுபிடித்தாள். முதல் ஞாயிறு, தம்பி பூத்தின் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது. "அக்கா, நாந்தான்." செல்லக்கனி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரியும் வந்தது. "இருக்கியா? என்ன சீலை கட்டிருக்க?" நடுவில் யாருடைய வாயும் இல்லாமல் தங்கை தன்னிடம் பேசுகிறாள். செல்லக்கனியின் விரல்கள் டைப்ரைட்டிங் பரீட்சையில்கூட அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

ஆனால் ஞாயிறு காலைதான் பூத்தில் கூட்டமும். இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். ஒரு வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பஞ்சாலைக்காரர் ஒருவர் பரபரப்பாக வந்து நின்றார். கண்ணுச்சாமி அக்காவின் தோளைத் தொட்டான்.

"அக்கா, செத்த நேரம் எந்திரி. வெளிநாட்டு ஆர்டராம், அவசரமாம்."

திரையில் அப்போதுதான் "அக்கா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று வந்திருந்தது. "இரு, வாரேன்" என்று தட்டிவிட்டு எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் ஆள் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தங்கையோடு போனில் பேசிய தம்பியோ, "நல்லா இருக்காளாம்" என்றான்.

அதற்கும் அடுத்த ஞாயிறு பாலம்மாள் வந்தாள். வயிற்றில் இருந்தது மூன்றாம் மாசத்திலேயே கலைந்துவிட்டதாக எழுதினாள். "இதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். நீ எந்திரிச்சுப் போயிட்ட. அண்ணன்கிட்டப் போனுல இதையெல்லாம் எப்படிச் சொல்ல?"

செல்லக்கனிக்குக் கண் நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர் அவள் தோளுக்கு மேலாகத் திரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குச் சொல்ல நினைத்த ஆறுதலில் பாதிகூட எழுதாமல் எழுந்து வந்தாள்.

தன் கடைக்குத் தனி டெலிபோன் கேட்டு எழுதிப்போட்டிருந்தாள். அது எப்போது வருமோ தெரியாது. ஒரு கம்ப்யூட்டருக்கு வரும் இன்டர்நெட்டை இன்னொன்றுக்கும் பகிரலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்தாள். தம்பியிடம் போய் நின்றாள்.

"ஒரு லைனு எப்படி ரெண்டு மெஷினைத் தாங்கும்? ரெண்டும் நின்னு போயிரும்க்கா."

"ஏலே, பிளவக்கல் டேம் தண்ணி ஒரு வாய்க்கால்லதான வருது? நம்ம வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் பாயலையா? கொஞ்சம் மெதுவாப் பாயும், அம்புட்டுத்தான்."

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து போய் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, நடுச்சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பத்குமார் என்று ஒருவர் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுப்பவர். செல்லக்கனி பஸ் ஏறிப் போய் அவரைக் கூட்டிவந்தாள். இரண்டு மெஷினிலும் நெட்வொர்க் கார்டு மாட்டினார். ஓட்டை வழியாகக் கேபிளை இழுத்து இரண்டையும் இணைத்தார். தம்பியின் மெஷினில் புது விண்டோஸைப் போட்டு, இணைப்பைப் பகிரும்படி அமைத்தார். எல்லாம் முடிந்தும் செல்லக்கனியின் திரையில் ஒன்றும் வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தவள், "இந்த வெளக்கே எரியலையே" என்றாள். இரண்டு கார்டிலும் எரியவில்லை.

"கார்டு புதுசு, கேபிளும் புதுசு," என்று சம்பத்குமார் அவள் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "கம்பெனியில எல்லாம் நடுவுல ஒரு பெட்டி வச்சுத்தான் மாட்டுவேன். இப்படி நேருக்கு நேரா மாட்டுனதில்ல."

இருவரும் கார்டோடு வந்த தாளை விரித்து உட்கார்ந்தார்கள். அதில் இரண்டு படங்கள். நடுவில் பெட்டி இருந்தால் எட்டு வயர்களும் நேராகப் போயின. பெட்டி இல்லாத படத்தில் நான்கு வயர்கள் குறுக்கே மாறிப் போயின. ஒரு ஜோடி அனுப்புவதற்கு, ஒரு ஜோடி வாங்குவதற்கு என்று கீழே எழுதியிருந்தது.

செல்லக்கனி அந்தப் படத்தின்மேல் விரலை ஓட்டினாள். "நாம வாயோட வாயச் சேத்து வச்சிருக்கோம். இவன் வாய் அவன் காதுக்கில்ல போவணும்?"

சம்பத்குமார் சிரித்துவிட்டார். உடனே, இவளிடம் போய்க் காதைப் பற்றிச் சிரிக்கிறோமே என்று முகம் மாறினார். அவளும் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கேபிளின் ஒரு முனையை வெட்டி, ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி, புதுத் தலை வைத்து அழுத்தினார். செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணுச்சாமி டயல் செய்தான். இந்தப் பக்கம் செல்லக்கனியின் திரையில் ஒரு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழுசாகவும் வந்து சேர்ந்தது.

அந்த ஞாயிறு அவள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையோடு பேசினாள். தம்பி கடையில் யாரோ மெயில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து மெதுவாக வந்தாலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தது, வீட்டுக்காரர் கேம்ப் போயிருந்ததால் தனியாக இருந்தது, தொட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த சீலையைத் திரும்ப மடித்து வைத்தது என்று பாலம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்லக்கனி அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "பொங்கலுக்கு இங்க வா. பத்து நாள் எங்கூட இரு" என்று எழுதினாள். பாலம்மாள் வந்தாள். மறுவருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது.

பேண்டேஜ் கம்பெனிகள் லேபிளை நேராகச் செல்லக்கனிக்கே மெயிலில் அனுப்பத் தொடங்கின. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து காது கேளாத பெண் ஒருத்தி விசாரித்துக்கொண்டு வந்து, பம்பாயில் இருக்கும் தன் புருஷனோடு அவள் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். பிறகு வாராவாரம் வந்தாள்.

ஒரு மழை நாள் சாயங்காலம். இரண்டு கடையிலும் ஆள் இல்லை. செல்லக்கனி ஒரு பத்திரிகைக்குப் பார்டர் வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வரி வந்தது. அடுத்த கடையில் இருந்து, கண்ணுச்சாமி.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஏங் கொரலு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

அவளுக்குக் காது போனபோது அவனுக்கு ஆறு வயது. அதன்பின் இத்தனை வருஷத்தில் அவன் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இதையெல்லாம் முகத்தைப் பார்த்துக் கேட்கவும் முடியாது.

"இருக்கு," என்று எழுதினாள். "கொய்யா மரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம அழுதியே, அந்தக் கொரலு."

"என்னைய எறக்கிவிட்டது யாரு?"

"நாந்தான். அம்மாகிட்ட அடி வாங்குனதும் நாந்தான்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் தண்ணீர் தெறிக்க ஒரு டவுன் பஸ் போனது. பிறகு ஒரு வரி வந்தது.

"டீ சொல்லவா?"

"சொல்லு," என்று எழுதினாள். "ரெண்டு வடையும்."