தண்ணீர் வராத தெரு

என்னைப் பூலாம்பாடியிலிருந்து இந்தத் தெருவுக்குக் கட்டிக்கொடுத்தபோது, "ஆத்தங்கரைதான், ஆனா தண்ணியெல்லாம் உள்ள வராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். மருதையாற்றைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். வருடத்தில் பெரும்பாலும் மணலும் கருவேல முள்ளும்தான். முதல் ஐப்பசியிலேயே பச்சைமலையில் பெய்த மழை எங்கள் அடுப்படிக்குள் வந்து நின்றது. தாலி கட்டிய பிறகு என்ன செய்ய? அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினேன்.

பிறகுதான் புரிந்தது. இந்தத் தெருவில் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறை தெரியாமல் முதலில் வெள்ளையடித்துவிடுவார்கள். தண்ணீர் வருகிற தெரு என்று தெரிந்தால் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதனால் ஒரு வீட்டுக்காக எல்லா வீடும் பொய் சொல்லும். குழாயடியில் இல்லாத ஒற்றுமை இதில் மட்டும் எங்கிருந்துதான் வருமோ!

சில வருடங்களுக்கு முன் வைகாசி வெயிலில் இரண்டு ஆபீசர்கள் கருவியோடு வந்தார்கள். எந்தெந்தத் தெருவில் வெள்ளம் புகும் என்று மேப் போடுகிறார்களாம். ஆபத்து என்று குறித்த இடத்தில் கரையை உயர்த்துவார்களாம். "எதுவரைக்கும் வந்துச்சுன்னு காட்டுங்க, போதும்" என்றார்கள். எனக்குச் சாமியே நேரில் வந்தது போலிருந்தது.

ஆனால் அப்போது என் நாத்தனாருக்குப் பெரம்பலூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாமியார் முந்திக்கொண்டார். "இந்தத் தெருவுக்கா? என் ஆயுசுக்கும் பாத்ததில்லீங்க சார்." பக்கத்து வீடும் அதையே சொன்னது, எதிர் வீடும் அதையே சொன்னது. அடப்பாவிகளா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், ஒரு ஆற்றையே மறைப்பார்களா? பொறுக்க முடியாமல் முன்னால் போனேன். "சார், இடுப்பு வரைக்கும் வரும். நானே நின்னுருக்கேன்."

மாமியார் சிரித்தார். "அது மேட்டுக்காட்டுப் பொண்ணு சார். வாய்க்கால்ல தண்ணி போனாலே பயந்துக்கும்." ஆபீசர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேப்பில் எங்கள் தெரு இல்லை. அடுத்த தெரு முனை வரை கரையை உயர்த்திவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் கல்யாணம் தடபுடலாக நடந்தது.

போன கார்த்திகையில் ஆறு வந்தது. முன்பு அந்தப் பக்கம் பரவிய தண்ணீரும் சேர்ந்து எங்கள் பக்கமே திரும்பியது. இந்த முறை கழுத்தளவு. பள்ளிக்கூட மாடியில் கிடந்தோம். வடிந்து வந்து பார்த்தால், எங்கள் சினைப்பசு கட்டின கயிற்றோடு செத்துக் கிடக்கிறது. இனியாவது கரையை நீட்டச் சொல்லி ஆபீஸுக்குப் போனோம். "உங்க தெரு இதுல இல்லையேம்மா. தண்ணி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்கள். மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் பெரம்பலூரிலிருந்து போன் செய்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏன் அண்ணி, வருஷா வருஷம் வர்ற தண்ணிதானே? மாட்டை முன்னாடியே அவுத்து விட்டுருக்கக் கூடாதா?"

"வருஷா வருஷம் வரும்னு அன்னிக்கு ஆபீசருகிட்ட நான் சொன்னப்ப, நீ எங்கம்மா இருந்த?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணி, என் மாமியாரு நாளைக்கு உங்களையெல்லாம் பாக்க வராங்க. இந்த வருஷம்தான் புதுசா வந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

மறுநாள் அந்த அம்மா வந்தார்கள். சேறு வழித்துக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு, அப்படியே சொன்னேன். அவள் அங்கே வாழ வேண்டுமே.