சிஸ்டருக்கு ஒதுக்கிய துண்டு

சூரைமீன் குழம்பு கொதிக்கும் வாசனையில் இன்றும் என் பொறாமையும் சேர்ந்தே மணக்கிறது.

எங்கள் தீவு நகரத்தின் அபர்டீன் பஜாருக்குப் பின்னால், கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அம்மா இருந்தாள். ஒரு ஞாயிறன்று அவளுக்கென்றே அந்தக் குழம்பைச் சமைத்து எடுத்துப்போனேன். அம்மாவோ பெரிய மீன் துண்டை எடுத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டருக்கென்று மூடிவைத்தாள்.

"உனக்குத்தானேம்மா செஞ்சேன்! பெத்த பொண்ணு நானா, அவங்களா?"

"அரே, கத்தாதே. நாங்க எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவ ஒரு வாய் சோறு தொடமாட்டா. மிச்சம் இருந்தாத்தான் அவளுக்கு. சபையைத் தொடங்கின மதர் காலத்துலேர்ந்து அப்படித்தானாம்."

அம்மா சாப்பிடட்டும் என்று நான் காத்திருந்த நாள் ஒன்றாவது உண்டா? நினைவில் துழாவினேன். அன்றும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். பொறாமை போய்விடவில்லை, கூடவே வெட்கமும் வந்தது.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

"அடுத்த ஞாயிறு சாப்பிடாம வா."