குடும்ப உறுப்பினர்

திருவனந்தபுரத்தில் எங்கள் சேவைச் சங்கக் கிளைக்கு ஆண்டு இலக்கில் ஓர் உறுப்பினர் குறைந்தார். எட்டாவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள். விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். குடும்ப உறுப்பினர் என்ற பிரிவில் என் மனைவியைச் சேர்த்துவிட்டேன்.

சேர்ப்புக் கூட்டத்தில் பேட்ஜ் குத்தியதும் புது உறுப்பினர் நன்றி சொல்லி உட்காருவதுதான் வழக்கம். அவளோ, "எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். யாரும் அதுவரை கேட்காத கேள்வி. கிளைத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஏன்னா, வேலையே இல்லேன்னா என்னை எதுக்குச் சேர்த்தேள்?" என்று என்னிடம் கேட்டு, பேட்ஜைக் கழற்றப் போனாள்.

தலைவர் மலையாளம் கலந்து பதறினார். "ஐயோ மாமி, ஞாயிறு விதுரா கிராமத்துல கண் முகாம் உண்டு, கேட்டோ!"

"வரேன். இவரும் வருவார்."

வழக்கமாக முகாமைத் தொடங்கிவைத்து, போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறவன் நான். அன்று சாயங்காலம் வரை முதியவர்களைக் கைப்பிடித்து வண்டியேற்றினேன். அந்த ஆண்டு எங்கள் சங்கத்தில் உண்மையாகச் சேர்ந்தவர்கள், என்னையும் சேர்த்து, இரண்டு பேர்.