தரைக்கு ஒரு சுவிட்ச்

உறையூர் வீரமலைக்கு டைல்ஸ் ஒட்டுவது தொழில். கொடைக்கானலில் குளிருக்காகத் தரையைச் சூடாக்கும் ஒரு வீட்டு வேலை வந்தபோது, காசைக் கொடுத்து எவனாவது தரைக்குச் சூடேற்றுவானா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். அங்கே சூடேறும் மின்கம்பியைத் தரையில் வளைத்து வளைத்துப் பதித்து, அதன்மேல் டைல்ஸை ஒட்டினார். பசை நன்றாகக் காய்ந்த பிறகு எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார்.

வீரமலை செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் இதமான சூடு ஏறியது. புகை இல்லை, சத்தம் இல்லை. உட்கார்ந்து பார்த்தார்; பிறகு படுத்தே பார்த்தார். வீட்டுக்காரர்களும் தரையில் இறங்கிவிட்டார்கள். புது சோபாவில் அவர்கள் கழற்றிய ஸ்வெட்டர்கள்தான் உட்கார்ந்திருந்தன.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, மனைவி வேணி மொட்டைமாடித் தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயிலில் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் ஆவி பறந்தது.

"வேணாம்னா சூட்டை நிறுத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஆமா, சுவத்துலயே சுவிட்ச் இருக்கு."

வேணி காலை மாற்றி மாற்றி வைத்தபடி வாளியை இறக்கினாள்.

"சூடு நமக்கு மேலேர்ந்து சும்மாவே வருதுங்க. அந்த சுவிட்சை மட்டும் கொண்டாந்து வைங்க."