லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டேறிய கதை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் இந்த லிஃப்ட் மெக்கானிக். ஆனாலும் ஊரில் பாதிப்பேரை மேலே ஏற்றிவிட்டவர் அவர்தான். மீதிப்பேர் மாடி இல்லாத வீட்டுக்காரர்கள். நம்மைப் போலக் கைத்தொழிலால் தலையெடுத்தவர்களுக்குச் சான்றிதழ் எதற்கு என்பார். அவர் கைபட்ட லிஃப்ட் மறுபடி படுத்ததாகச் சரித்திரமே இல்லை. அந்தச் சரித்திரத்தைச் சொல்லி வந்தவரும் அவரேதான் என்பதைக் கிளற வேண்டாம்.

அப்பேர்ப்பட்டவர், தான் பழுது பார்த்த லிஃப்டிலேயே ஒருநாள் மாட்டிக்கொண்டார். கரண்ட் போனது, அவ்வளவுதான். வாட்ச்மேன் வந்து கதவை நெம்புவதற்குள் நெஞ்சு தடதடவென்று அடித்து, கை மரத்து, தன் சாவுக்கு யார் யார் உண்மையாக அழுவார்கள் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது ஏமாற்றம் கோபமானது.

அதற்குப் பிறகு அவர் லிஃப்டுக்குள் காலே வைக்கவில்லை. வேலை முடிந்ததும் மெக்கானிக்தான் முதலில் ஏறிக் காட்ட வேண்டும் என்பது தொழில் வழக்கம். இவரோ, "முதல் சவாரி முதலாளிக்குத்தான், அதுதான் மரியாதை" என்று கட்டடக்காரர்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே கைகட்டி நின்றார். பண்பான மனிதர் என்று பெயர் வேறு கிடைத்தது.

இந்தச் சாமர்த்தியம் மகளிடம் செல்லவில்லை. அவள் குடியிருந்தது பதினாலாவது மாடி. அவ்வளவு படியேற மூட்டு சம்மதிக்காது. பேத்திக்குப் பல் முளைத்தும் தாத்தா போனில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுங்கறதால இளக்காரம். பையனா இருந்தா பறந்து வந்திருப்பீங்க" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

"ஏங்க, வீராப்பைக் கட்டிக்கிட்டு அழப்போறீங்களா, பேத்தியைத் தூக்கப்போறீங்களா?" என்றாள் மனைவி.

கடைசியில் போய்ப் பார்த்த ஆலோசகர் மகள் வயதுப் பெண்.

"பேசியே சரி பண்ணுவீங்களாமே? நான் எந்த லிஃப்டுகிட்டயும் பேசிப் பாத்ததில்லம்மா."

"சரி சார். படியேறினா நெஞ்சு அடிக்குமா?"

"அடிக்காம? மனுஷன்தானே."

"அப்ப செத்துடுவோம்னு தோணுமா?"

"எதுக்குத் தோணணும்? ஏறினா அடிக்கத்தான் செய்யும்."

"அதே நெஞ்சு லிஃப்டுக்குள்ள அடிச்சா மட்டும் ஏன் சாவு?"

மெக்கானிக் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

நினைப்பு வெறும் நினைப்புதான், அது தீர்ப்பில்லை, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் அவள். முதலில் கதவைத் திறந்து வைத்து உள்ளே நிற்க வேண்டும். பிறகு ஒரு மாடி, பிறகு இரண்டு. பயம் தானாக இறங்கும்வரை வெளியே ஓடக்கூடாது.

அவரும் செய்தார், தன் பாணியில். ஏறுவதற்கு முன் ரோப்பைத் தடவி, பிரேக்கை முடுக்கி, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு, டூல்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். பத்து மாடி போய் வந்துவிட்டதாக மார்தட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க லிஃப்டை சரி பண்ணிட்டீங்க சார். பயம் அப்படியேதான் இருக்கு. பை இல்லாம, நீங்க தொடாத லிஃப்டுல ஏறுங்க."

"கண்டவன் போட்ட லிஃப்டுலயா?" சாவைவிட இதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

மகள் வீட்டு லிஃப்ட் கண்டவன் போட்டதுதான். வெறுங்கையோடு ஏறினார். கதவு மூடியதும் நெஞ்சு தன் வேலையைக் காட்டியது. "அடி, நல்லா அடி. படியேறினா அடிக்கிற அதே அடிதானே" என்று முனகினார். வழியில் மோட்டார் ஒருமுறை கரகரத்தது. கை தானாகத் திருப்புளியைத் தேடியது, ஒன்றும் சிக்கவில்லை. பாதி வழியில் அடி கொஞ்சம் தணிந்தது. முழுதாக அடங்கவில்லை, ஆனால் அவர் சாகவுமில்லை.

மகள் கதவைத் திறந்து திகைத்தாள். "என்னப்பா இப்படி வேர்த்திருக்கு? படியேறியா வந்தீங்க?"

"லிஃப்டுலதான்டி. குடு பிள்ளைய."

வாங்கினார், முகர்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே திருப்பிக் கொடுத்தார். "புடி, இன்னொரு தடவை போய்ட்டு வந்துடறேன். ஒரே தடவைன்னா பத்தாதாம்."

"நீங்க என் பொண்ணைப் பாக்க வந்தீங்களா, லிஃப்டைப் பாக்க வந்தீங்களா?"

அவர் அதற்குள் போய்விட்டார். மகள் பிள்ளையோடு லிஃப்ட் வாசலில் வந்து நின்றாள். கதவு மறுபடி திறந்து தாத்தா முளைத்ததும் பேத்தி கெக்கெக்கென்று சிரித்தாள். போதும் என்று அவர் வெளியே வந்தால் வீறிட்டு அழுதாள். வேறு வழியில்லாமல் அன்று வைத்தியம் ஆலோசகர் சொன்ன அளவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.