மல்லேஸ்வரத்து டிஸ்கஸ் மீன்கள்

மல்லேஸ்வரத்தில் ஒருவர் தன் வீட்டு மாடியில் ஆசைக்காக டிஸ்கஸ் மீன் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மீன் ஆசையெல்லாம் சும்மா. எங்கள் பையன் கைக்குழந்தை. ராத்திரி பகல் என்று இல்லாமல் அழுவான். எனக்கு வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள்; உள்ளே சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மீன்கள். பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மனைவிதான். நான் எடுக்கவில்லை. ஆனால் எந்தத் தொட்டி முன்னாலும் நிம்மதியாக நிற்கவும் முடியவில்லை.

கடைசித் தொட்டியில் ஒரு தாய் மீனின் உடம்பெல்லாம் குஞ்சுகள் மொய்த்திருந்தன.

“அது தோல்ல ஊறுற வழவழப்புதான் சார் அதுங்களுக்குப் பால்,” என்றார் அவர்.

திடீரென்று தாய் மீன் உடம்பை உதறிக்கொண்டு விலகியது. குஞ்சுகள் மொத்தமாக ஓடிப்போய்ப் பக்கத்து மீனிடம் ஒட்டிக்கொண்டன.

“அது எது?”

“அப்பா சார். அம்மாவுக்கு முடியலன்னா அது வந்து நிக்கும். அதுக்கும் ஊறும்.”

போன் மறுபடியும் அதிர்ந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் பையனை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவன் அழுகை நிற்கவில்லை. நானும் அவனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.